நாம் நேசிக்கும் கதாபாத்திரத்தை எழுத்தாளர்கள் ஏன் சாகடிக்கிறார்கள்?

வாசகர்கள் உயிராக நினைக்கும் ஒருவருக்குக் கதைக்குள் ஆசிரியரே மரணம் எழுதுவதைப் பற்றிய கேள்வி இது. அந்த இழப்பு மற்றவர்களை மாற்றி, கதையை நகர்த்துமா என்றுதான் பெரும்பாலும் யோசிப்பார்கள்.

சிலசமயம் காரணம் கதைக்கு வெளியே இருக்கும். 1893-இல் எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், தான் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் விழவைத்துச் சாகடித்தார். வரலாற்று நாவல்கள் எழுத ஏங்கியவரின் நேரத்தையெல்லாம் ஹோம்ஸ் விழுங்கிக்கொண்டிருந்தார். பரோட்டாவுக்கு மட்டுமே கூட்டம் வரும் கடையில், வேறு ஏதாவது சமைக்க ஆசைப்படும் மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். எனக்கு டாயில்மேல் கோபமே வரவில்லை. அப்புறம், வாசகர்களும் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். அருவியில் உடல் கிடைக்காதது அதற்கு வழிவிட்டது.

வாசகரை அதிரவைக்கத்தான் திடீரென்று கொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். டாயிலோ 1891-இலேயே ஹோம்ஸைக் கொல்லும் எண்ணத்தைத் தாயிடம் சொல்லி, அவர் தடுத்ததால் தள்ளிப்போட்டவர்.