மே 5: காகிதக் கெண்டையும் கவசத் தொப்பியும் - கேள்வி பதில்

ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம். அன்றைக்கு வாசலில் கட்டும் கெண்டைமீன் கொடி கொய்நோபோரி, போர்வீரர் தலைக்கவசம் கபுதோ. இரண்டையும் காகிதத்தில் செய்யக் கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள். ஸ்டேப்ளரை இப்போதே எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.

செய்தித்தாளில் கபுதோ மடித்தேன். பையனுக்கு மூக்கு வரை இறங்குகிறது. எங்கே தவறு?

மடிப்பில் இல்லை, தாளில். விரித்த தாளில் அப்படியே 54 செ.மீ. சதுரம் வெட்டியிருப்பீர்கள். தொப்பியின் வாய்ச் சுற்றளவு சதுரத்தின் பக்கத்தைப் போல 1.4 மடங்கு வரும். ஆக 76 செ.மீ., அது குடத்துக்குத்தான் சரி. பையன் தலையை நூலால் அளந்து, 3 செ.மீ. கூட்டி, 1.4 ஆல் வகுங்கள். 51 செ.மீ. தலைக்கு 38, 39 செ.மீ. சதுரம் போதும். ஜப்பானியச் செய்தித்தாளின் ஒற்றைப் பக்கமே 40 செ.மீ. அகலம், அங்கே அளக்காமலே பொருந்திவிடும்.

சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். இரு பக்க முனைகளையும் கீழ் முனைக்கு இறக்குங்கள். அதே நுனிகளை மேலே மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தால் கொம்பு. கீழ் முனையில் மேல் தாளை மட்டும் ஏற்றி மடித்து, விளிம்பை இன்னொரு மடி மடக்குங்கள். அடித்தாளை உள்ளே செருகினால் முடிந்தது. கொம்பைப் பிள்ளையே சாய்க்கட்டும். கோணலாகப் போனால் திருத்தாதீர்கள்.

மீன் பறக்காமல் தொங்குகிறதே?

வாலை ஒட்டிவிட்டீர்கள். வாயில் புகுந்த காற்று வால் வழியே வெளியேற வேண்டும். வாய் அமுங்காமலிருக்க உள்ளே அட்டை வளையம் வையுங்கள். வளையத்துக்குப் பசைதான், ஸ்டேப்ளர் பின் வேண்டாம். கழன்று விழும் பின்னை முதலில் கண்டெடுப்பது தவழுகிற தம்பி.

செதில் வெட்ட நாலு வயதுக் குழந்தைக்கு முடியவில்லை.

உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கொடுத்து, சாயத்தில் தோய்த்து அச்சு வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒட்டுவதானால் வாலிலிருந்து தொடங்கி, ஓடு வேய்வது மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக.

கறுப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, நீலம் பிள்ளை. சரிதானே?

இப்போதைய வழக்கப்படி சரி. எடோ காலத்தில் (1603-1868) முதலில் கறுப்பு மட்டும்தான். சிவப்பு பிறகு வந்தது, அதுவும் மகனாக. இன்றும் பிள்ளைகள் பாடும் பழைய பாட்டில் அப்பா மீனும் குட்டிகளும்தான், அம்மாவைக் காணோம்.

அப்படியானால் பாரம்பரியப்படி ஆண்பிள்ளைக்கு மட்டும்தானே? மகளுக்கு எதற்கு மீன்?

எந்த வருஷத்துப் பாரம்பரியம்? மார்ச் 3 பொம்மைத் திருநாள் பெண்பிள்ளைகளுக்கு, மே 5 ஆண்பிள்ளைகளுக்கு என்று இருந்தது உண்மை. 1948 விடுமுறைச் சட்டம் மே 5ஐ எல்லாக் குழந்தைகளுக்கும் ஆக்கியது; அன்றைக்கு அம்மாவுக்கும் நன்றி சொல்லச் சொல்கிறது. பாட்டில் விட்டுப்போனவர் சட்டத்தில் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் கறுப்புக்கு அடுத்த பெரிய மீன் மகளுடையது, ஊதா நிறம்.

பழமையை இப்படி மாற்றலாமா?

அப்படியானால் கறுப்பை மட்டும் கட்டுங்கள். சிவப்பையும் இறக்கிவிடுங்கள்.

தொப்பி பெரிதாகிவிட்டது, என்ன செய்ய?

முதல் பதில்.

ஸ்டேப்ளர் போட்டால் சீக்கிரம் முடியுமே?

முடியும். வேண்டாம்.

எங்கள் ஊரில் மே மாதம் காற்றே இல்லை.

குச்சியில் கட்டிப் பிள்ளை கையில் கொடுத்து ஓடச் சொல்லுங்கள்.