இரண்டே பேர் சேர்ந்து எலக்ட்ரானிக்கையும் ஆல்டர்நேட்டிவ் ராக்கையும் கலந்து முதல் ஆல்பம் போட்டால் எடுபடுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாக எடுபடும். மும்பையில் மோனிகா டோக்ராவும் ரான்டால்ஃப் கொரேயாவும் ஷாயிர் பிளஸ் ஃபங்க் என்ற பெயரில் 2007-லேயே முதல் ஆல்பம் போட்டார்கள். ரான்டால்ஃப் பென்டாகிராம் என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட். எங்கள் பெங்களூரில் 2012-ல் ஸல்க் ஸ்டேஷன் என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ராக் வாடை குறைவு என்றாலும் அவர்களும் இரண்டே பேர்தான். ஆகவே ஆள் எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. தாளத்தை நடத்துவது மெஷினா மனுஷனா என்று முடிவு செய்யாமலே ரெக்கார்டிங்கில் உட்கார்ந்துவிடுவதுதான் பிரச்சினை.

நான் பெங்களூரில் மிக்ஸிங் வேலை பார்க்கிறேன். அல்சூர்ப் பக்கம் வளர்ந்த இரண்டு இளைஞர்களின் முதல் ஆல்பம் சமீபத்தில் என்னிடம் வந்தது. பையனுக்குக் கிட்டாரும் பாட்டும், பெண்ணுக்கு சின்தும் (சின்தசைசர்) லேப்டாப்பும். வரிகள் எல்லாம் தமிழ். இருவருக்கும் நல்ல காது, நல்ல உழைப்பு.

அதில் ஒரு பாட்டைச் சொன்னால் விஷயம் புரியும். டிரம்ஸ் முழுவதும் லேப்டாப்பில் செய்தது. நிமிடத்துக்கு 120 பீட், அதாவது அரை விநாடிக்கு ஒரு அடி, மயிரிழை பிசகாது. பாட்டின் முதல் பகுதிக்கு அந்த இறுக்கம் பிரமாதமாக இருந்தது. கோரஸ் வந்ததும் பாட்டு அப்படியே படுத்துவிட்டது. ராக் வாசிக்கிற கை கோரஸில் தானாகவே கொஞ்சம் முந்தும். இவனோ காதில் கிளிக்கை, அதாவது தாளம் காட்டும் டிக்-டிக் ஒலியை, வைத்துக்கொண்டு அந்த வேகத்தை அடக்கி அடக்கி வாசித்திருந்தான். "வாசிப்புல ஒரு தப்பும் இல்லண்ணா, ஆனா பாட்டு எழும்பவே மாட்டேங்குது" என்றாள் அவள். சரியான கணிப்பு.

டிரம்ஸ், சின்த், கிளிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் கிட்டாரும் குரலுமாக அவனை ஒருமுறை பாடச் சொன்னோம். முதல் பகுதி 118-ல் நடந்தது, கோரஸில் 122-க்குப் போனது. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சாஃப்ட்வேரில் டெம்போவாகக் குறித்து, மெஷினை அவன் கைக்குப் பின்னால் வரவைத்தோம். டிரம்ஸும் சின்தின் ஓட்டமும் கோரஸில் அவனோடு சேர்ந்தே வேகம் பிடித்தன. கேட்கிறவருக்கு டெம்போ மாறியது தெரியாது, ஆனால் உடம்பு நிமிரும். அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டுக்கு நேர் எதிராகச் செய்தோம். அங்கே மெஷின்தான் ராஜா. கிட்டாரைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பிளரில் (ஒலித்துண்டுகளைத் தட்டி ஒலிக்கவைக்கும் கருவி) போட்டு, அவள் விரலால் தட்டி வாசித்தாள். பாட்டுக்குப் பாட்டு இப்படி ஒரு முடிவு எடுங்கள். ஆளுக்குப் பாதி என்று எல்லாப் பாட்டிலும் பங்கு போட்டால் எண்ணெயும் தண்ணீருமாகத்தான் நிற்கும்.

அடுத்தது அடித்தளம், அதாவது கீழ் ஸ்தாயி ஒலிகள். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மும் சின்த் பேஸும் அதற்கும் கீழே 40, 60 என்று உட்கார்ந்திருக்கும். தனியாகக் கேட்கும்போது கிட்டார் கனமாக இருந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் மொத்தமாகச் சேரும்போது அந்தக் கனம் சேறாகிவிடும். கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், மனசு வலிக்கும், பரவாயில்லை. அப்புறம் ஒன்று: நம் ஆட்கள் பாதிப்பேர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அதில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. சின்த் பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுத்தால் அந்த 50-ன் மடங்குகளான மேல் ஒலிகள் (ஹார்மோனிக்ஸ்) 100, 150, 200 என்று எழும்பும், காது பேஸைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

இரண்டு ஒலிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த வழி ரீஆம்ப். லேப்டாப்பில் செய்த சின்தை ஒரு ரீஆம்ப் பாக்ஸ் வழியாகக் கிட்டார் ஆம்பில் விட்டு, ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்துத் திரும்பப் பதிவு செய்யுங்கள். அறையின் காற்றும் ஸ்பீக்கர் கோனின் கரகரப்பும் சின்தில் ஏறும். அதே ஆம்பில் வந்த கிட்டாரின் பக்கத்தில் வைத்தால் எது கம்பி, எது மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எந்த பிளக்-இன்னும் (சாஃப்ட்வேர் எஃபெக்ட்) எனக்கு அந்த நெருக்கத்தைத் தந்ததில்லை.

தமிழில் பாடினால் குரலில் எக்கோவைக் கண்டபடி ஏற்றாதீர்கள். நம் பாட்டில் குறிலும் நெடிலும் தெளிவாக விழ வேண்டும். வல்லின மெய் ஒவ்வொன்றும் எக்கோவில் திரும்பத் திரும்பத் தட்டினால் அடுத்த சொல் காணாமல் போகும். வரி முடிகிற இடத்தில் மட்டும் திறந்துவிடுங்கள், போதும்.

மேடைக்கு: லேப்டாப்பின் இடது அவுட்டில் கிளிக், வலதில் பின்னணி டிராக் என்று பிரித்து, கிளிக்கை உங்கள் காதுக்கும் டிராக்கை மிக்ஸருக்கும் அனுப்புவது பழைய, நம்பகமான வழி. பப்பில் லேப்டாப் சார்ஜரால் கொய்ய்ய் என்று இரைச்சல் வரும், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கிற டி.ஐ. பாக்ஸ் இரண்டு கையில் இருக்கட்டும், அதில் கிரவுண்ட் இணைப்பைத் துண்டித்து இரைச்சலை நிறுத்தும் 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்ச் இருக்க வேண்டும். கேபிள், கனெக்டர் எல்லாம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பாட்டை எழுதும்போதே நாலு கையால் எதை நேரில் வாசிக்க முடியும் என்று யோசித்துவிடுங்கள். ஆல்பத்தில் ஆறு கிட்டார் அடுக்கிவிட்டு மேடையில் ஒன்றோடு நின்றால் கேட்கிறவருக்கு ஏமாற்றம்தான்.

கடைசியாக, ரிலீஸுக்கு முன்பே உரிமையை எழுத்தில் வையுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை ஒரு கம்பெனிக்கு ஒட்டுமொத்தமாக விட்டுக்கொடுக்க முடியாது. இருவருமே தனித்தனியாக ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினர் ஆகுங்கள். நீங்கள் இருவருக்குள் பங்கு எப்படி என்பதுதான் கஷ்டமான பேச்சு. அல்சூர் ஜோடியில் மெட்டும் வரியும் பெரும்பாலும் அவனுடையவை, ஆனாலும் எல்லாப் பாட்டிலும் சரிபாதி என்று எழுதிக்கொண்டார்கள். யோசனை அவனுடையது. நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன். அவள் செய்த ஒலிகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேறு பாட்டு.