காற்றா, தண்ணீரா, இடியா?
வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி பிறந்தால் டெல்டாவிலிருந்து வரும் கடிதங்களில் பாதி புயல், மழை, வெள்ளம் பற்றியே இருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

புயல், வெள்ளம், சுனாமி, இடி, வறட்சி… இவற்றில் எங்கள் பகுதிக்கு எது பெரிய ஆபத்து? வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

ஒரே வரிசையாகப் போட முடியாது. உயிருக்கா, வீட்டுக்கா, வெள்ளாமைக்கா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

உயிர் என்று பார்த்தால், எவ்வளவு பெரிய சீற்றம் என்பதைவிட எவ்வளவு அவகாசம் கிடைத்தது என்பதுதான் கணக்கு. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா, பல நாள் முன்னறிவிப்போடு வந்தது. தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது, மின்கம்பம் லட்சத்துக்கு மேல் விழுந்தது, ஆனால் உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. இதே நாகைக் கரையில் 1977 நவம்பர் 12 புயல் 500 பேருக்கு மேல் பலி வாங்கியது. ஒரு வாரம் கழித்து ஆந்திராவின் திவிசீமாவில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அங்கே கொன்றது காற்று இல்லை, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்.

ஆகவே எது எவ்வளவு நேரம் தருகிறது என்று பாருங்கள். வறட்சி மாதக்கணக்கில் தரும். புயல் மூன்று நான்கு நாள். மேட்டூரில் திறந்துவிட்ட வெள்ளம் ஒன்றிரண்டு நாள். உள்ளூரில் கொட்டும் மழை சில மணி நேரம். இடி விநாடிகள்தான். இந்தக் கடைசி ஆசாமியை நாம் பேரிடராகவே நினைப்பதில்லை. 2022இல் நாடு முழுவதும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறி நடப்பதால் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

வீட்டைக் கேட்டால் காற்று முதலில். வெள்ளாமையைக் கேட்டால் தண்ணீர், அதிகமானாலும் இல்லாவிட்டாலும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தபோது ஒரு ஓடுகூடப் பறக்கவில்லை. ஆனால் சம்பா போனது, ஆடுமாடு கைமாறியது, வட்டி ஏறியது.

மன்னார்குடி கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உங்களுக்கு எங்கள் வரிசை: இடி, மழை வெள்ளம், புயலுக்குப் பிறகு அறுந்து கிடக்கும் மின்கம்பி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் கடல் நீரை முதலில் வைக்க வேண்டும்.

எங்களுடையது தகரக் கொட்டகை போட்ட வீடு, இருபதுக்குப் பத்து. புயல் வந்தால் மேலே கல், டயர் எல்லாம் தூக்கி வைக்கிறோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று போய்விடும், கூரை பறக்காது என்கிறார்கள். சரியா?
– வாசகி, பட்டுக்கோட்டை

இரண்டுமே தவறு. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 47 கிலோ விசை கொடுக்கும். உங்கள் கொட்டகை 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். மொத்தம் 870 கிலோ. காற்று 140 ஆனால் வேகம் 40 சதவீதம்தான் கூடுகிறது, விசையோ இரட்டிப்பாகி 1,700 கிலோவைத் தாண்டும். காற்று கூரைக்கு மேல் ஓடும்போது அதை அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. பத்துக் கல் வைத்தால் 100 கிலோ வருமா? தகரம் கிளம்பும்போது அந்தக் கல்லும் சேர்ந்து பறந்து அடுத்த வீட்டுக்காரர் தலைக்குப் போகும்.

ஜன்னல் விஷயம் இன்னும் மோசம். காற்று வரும் பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். இரண்டும் கூடிவிடும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். காற்று மோதும் பக்கத்துக் கதவுக்கு உள்ளிருந்து குறுக்குக் கட்டை கொடுங்கள். முதலில் பெயர்வது அந்தக் கதவாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: ஓரத்திலும் நான்கு மூலையிலும் தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டை நடுப்பகுதியைவிட நெருக்கமாகப் போடுங்கள், ஏனென்றால் உறிஞ்சல் அங்கேதான் அதிகம். தகரம் பெரும்பாலும் போல்ட் அறுந்து போவதில்லை. வாஷர் சிறிதாக இருப்பதால் துளை கிழிந்து போல்ட்டை விட்டுவிட்டுப் போகிறது. அகல வாஷர் போடுங்கள். துருப்பிடித்த துளையை விட்டுப் பக்கத்தில் புதுத் துளை போடுங்கள். பிறகு, தகரத்தைச் சட்டத்தோடு கட்டினால் போதாது, சட்டத்தைச் சுவரோடும் தூணோடும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூரை முழுசாகக் கிளம்பும். மேலே நைலான் கயிறு குறுக்காகப் போட்டு, தரையில் ஆழமாக அடித்த முளையில் இழுத்துக் கட்டலாம். இவ்வளவு செய்தாலும் புயல் அன்று இரவு அந்தக் கொட்டகைக்குள் படுக்காதீர்கள். பள்ளிக்கூடமோ, மழைக்கால முகாமோ, பக்கத்துத் தளம் போட்ட வீடோ, அங்கே போய்விடுங்கள்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்சரிக்கை வந்ததும் முற்றிய காயை இறக்கி, அடி மட்டைகளைக் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். குருத்தைச் சுற்றியுள்ள மட்டைகளில் கை வைக்க வேண்டாம்.

புயல் நடுவில் காற்று நின்றுபோய், பிறகு மறுபடி அடிப்பது ஏன்? கடல் உள்ளே வருமா வராதா என்று எதை வைத்துச் சொல்வது?
– வாசகர், வேதாரண்யம்

நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். புயல் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து வருகிறது. மையம் உங்கள் ஊர் மேலேயே கடந்தால் முதலில் வடகாற்று அடிக்கும், பிறகு புயலின் ‘கண்’ என்னும் மையப் பகுதியின் அமைதி, அதன் பிறகு தென்காற்று. அமைதி சில நிமிஷமும் இருக்கும், ஒரு மணி நேரமும் இருக்கும். ‘விட்டுவிட்டது’ என்று மாட்டைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வடகாற்றில் பாதி சாய்ந்து நிற்கும் மரம் தென்காற்றில் ஒரே தள்ளில் விழும்.

கடல் விஷயம்: கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், தண்ணீரை உள்ளே தள்ளும். தெற்கே இருந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. தண்ணீர் பின்வாங்கவும் செய்யும். ஆனால் கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பிவிடுகிறது. அதனால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தென்காற்று மாறி அடிக்கும்போது பாக் நீரிணைத் தண்ணீர் உள்ளே ஏறலாம். மையம் எங்கே என்று கடைசி நேரம் வரை மாறும் என்பதால், கரையிலிருப்பவர்கள் இந்தக் கணக்கை நம்பித் தங்காதீர்கள்.

சீர்காழியில் 2022இல் பெய்த மழை ‘44 சென்டிமீட்டர்’ என்கிறார்கள். அது எவ்வளவு? கொள்ளிடத்தில் வரும் வெள்ளத்தைவிட இது ஆபத்தா?
– வாசகர், கொள்ளிடம்

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 44 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 17 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 150 நடை, அதுவும் ஒரே ஏக்கருக்கு, 24 மணி நேரத்தில். நிலம் சமதளம். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தாலோ, முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தாலோ அந்தத் தண்ணீர் எங்கேயும் போகாது, நிற்கும். நின்ற தண்ணீர் ஆளை அடிப்பது குறைவு. பயிரை அழுகவைக்கும், கிணற்றைக் கெடுக்கும், பாம்பை வீட்டுக்குள் கொண்டுவரும். சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் இளம்பருவத்தில் பத்து, பதினான்கு நாள் மூழ்கினாலும் மீளும். சாதாரண ரகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கொள்ளிடம் வேறு ஜாதி, அது ஓடும் வெள்ளம். விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி போகிறது என்றால் 83 நிமிஷத்துக்கு ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போதுதான் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன. நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்களுக்கு ஒரே சாதகம் அவகாசம். மேட்டூர் வெளியேற்றத்தைச் செய்தியில் கேட்டதுமே ஆடுமாட்டையும் மோட்டாரையும் கரையேற்றுங்கள்; தண்ணீர் வாசலுக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைக் கவிழ்க்கும், ஓரடி சின்னக் காரை மிதக்கவிடும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. தரைப்பாலத்தில் ‘முழங்கால்தானே’ என்று இறங்குவது இந்தக் கணக்குத் தெரியாமல்தான். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் கலங்கல் தண்ணீரில் தெரியாது.

வெள்ளம் வடிந்த பின் தொட்டித் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும், வாசனையே வராது; அதைப் போட்டுப் பயனில்லை. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்.

நடவு நேரத்தில் இடி இடித்தால் வயலில் என்ன செய்வது? பனைமரத்தடியில் நிற்கலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

கூடவே கூடாது. வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது அந்தப் பனைதான். மின்னல் அதில் இறங்கி, பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் விநாடி எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டுத் தளம் போட்ட கட்டடத்துக்குப் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வாருங்கள். மோட்டார் கொட்டகை பாதுகாப்பு இல்லை, கம்பி வழியே உள்ளே வரும். கண்ணாடி ஏற்றிய கார், வேன் பரவாயில்லை. மேற்கூரை இல்லாத டிராக்டர் ஆகாது.

ஓட இடமே இல்லையென்றால், கும்பலாக நிற்காமல் விலகி, இரண்டு பாதமும் ஒட்டியபடி குந்துங்கள், படுக்காதீர்கள். மின்னல் தரையில் பரவும்போது ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள இடைவெளிதான் உடம்பு வழியே மின்சாரம் ஓட வழி செய்கிறது. மாடு அதிகம் சாவதும் அதனால்தான், முன்காலுக்கும் பின்காலுக்கும் அவ்வளவு தூரம். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். மூச்சில்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் அமுங்குமாறு நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். மின்னலில் நின்ற இதயம் இப்படி மீண்டுவிடுவதுண்டு.

டெல்டாவில் நிலநடுக்கம் வருமா?
– வாசகர், கும்பகோணம்

பெரிதாக அஞ்ச வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016இல் வெளியிட்ட நிலநடுக்க வரைபடத்தில் தஞ்சாவூர் மிகக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலம். கடலோரம் இருக்கும்போது நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ மீன் பொறுக்கப் போகாமல் கடலை விட்டு விலகி உள்நாட்டுப் பக்கம் நடையைக் கட்டுங்கள், அல்லது உறுதியான கட்டடத்தின் மாடிக்கு ஏறுங்கள். சுனாமியில் முதல் அலை பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பல மணி நேரம் அடுத்தடுத்து வரும்.

புயல் முடிந்ததும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், பேராவூரணி

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (மின்வாரிய இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாமல் பிளக் பாயின்டில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். அது மீட்டர் வழியே வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, எதிர்ப்பக்கம் 11,000 வோல்ட்டாக வெளிவரும். தெரு இருட்டாகக் கிடக்கிறதே என்று கம்பியைப் பிடிக்கும் லைன்மேனுக்கு அதுதான் எமன். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வைக்காமல் இருபதடி தள்ளி, ஜன்னலுக்கு நேராக இல்லாமல் வையுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள்.

அறுந்த கம்பி கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணிலும், மற்ற உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணிலும் சொல்லுங்கள்.

சாய்ந்த தென்னையை அறுக்கும்போது, வில்லாக வளைந்த மரத்தின் வெளி முகம் இழுபட்டும் உள் முகம் நெருக்கப்பட்டும் இருக்கும். நெருக்கப்பட்ட பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு இழுபட்ட பக்கத்துக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தில், தண்டை அறுத்துத் தனியாக்கிய நிமிஷமே வேர்ப்பகுதி மண்ணோடு குழிக்குள் திரும்ப நிமிர்ந்துவிடலாம். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அறுவையைத் தொடங்குங்கள்.