அந்த நாற்பது கேசட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 57. ஆயர் ஈத்தாமில் முப்பது வருடம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த மாதம் கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறேன். செந்தூலில் சின்ன அடுக்குமாடி வீடு. என்னிடம் நானூறுக்கு மேல் பாட்டு கேசட் இருக்கிறது. பெரும்பாலும் இளையராஜா. மலேசியா வாசுதேவன் பாட்டு என்றால் உயிர். அதில் ஒரு நாற்பது, பள்ளி நாளிலிருந்து நானே ரேடியோவிலிருந்து பதிந்தவை. “எல்லாம் ஃபோனிலேயே இருக்கும்மா, இந்தக் குப்பையை ஏன் சுமக்கணும்?” என்கிறான் மகன். போட்டுக் கேட்க மெஷினும் இப்போது இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இந்த வயதில் இப்படிப் பாட்டுப் பைத்தியமாக இருப்பது தப்பா?
– பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. 1977-இல் ‘16 வயதினிலே’ வந்தபோது, நம் மண்ணில் பிறந்த ஒருவரின் குரல் இளையராஜாவின் இசையில் ஊரெங்கும் கேட்டது. பெயரிலேயே மலேசியாவைச் சுமந்துகொண்டு பாடியவர் அவர். அந்தக் குரலை நீங்கள் நாற்பது வருடத்துக்கு மேல் கூடவே வைத்திருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, கேசட்டுக்கு வருவோம். உங்கள் மகன், அந்தத் தம்பி சொல்வதில் பாதி உண்மை. கடையில் வாங்கிய சினிமா கேசட்டில் உள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று ஃபோனில் இரைச்சல் இல்லாமல் கிடைக்கின்றன. அதற்காக மகனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அட்டையைப் பார்த்தாலே கண் கலங்குகிறது என்று சொல்லக்கூடிய இருபது முப்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையிலேயே கொண்டுபோனால் ஆசையாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். பெரிய காசு எதிர்பார்க்காதீர்கள். கோலாலம்பூர் வந்த பிறகு கொடுக்க நினைத்தால், பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: நம் நாட்டுப் பாடகர்கள் சொந்தமாக வெளியிட்ட கேசட் இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். குறைவாக அடித்து விற்றவை அவை. எல்லாமே ஃபோனில் வந்துவிட்டதாக நம்பி அவற்றைக் கொடுத்துவிட வேண்டாம்.

இப்போது அந்த நாற்பது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் அங்கேதான் நின்றது.

என்னிடமும் அப்படி ஒரு கேசட் உண்டு. 1983 தீபாவளிக்கு முதல் நாள் பதிந்தது. எங்கள் வீட்டு ரேடியோவில் கேசட் போடும் வசதி கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் டேப்ரெக்கார்டரை இரவல் வாங்கி, ரேடியோவுக்கு நேரே ஸ்டூலில் வைத்து, யாரும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டையே மிரட்டிவிட்டுப் பதிந்தேன். முதல் சரணம் நன்றாகத்தான் போகிறது. இரண்டாவது சரணத்தில் தகரக் கூரையில் மழை இறங்குகிறது. அதையும் மீறி அடுப்படியிலிருந்து அம்மா, “முறுக்கு கருகுது பாரு!” என்று அக்காவை அதட்டுகிறார். பாட்டு கெட்டுப்போச்சே என்று அன்றைக்கு அழுதேன். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. அந்த மூன்று சொல்தான்.

அந்தப் பாட்டு ஃபோனில் இருக்கிறது. மழையும் முறுக்கும் அதில் இல்லை. உங்கள் நாற்பதில் என்னென்ன இருக்கிறதோ! பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசியிருப்பார். வாழ்த்துச் சொல்லும்போது இன்ன தோட்டம், இன்ன லயத்து வரிசை வீடு என்று பெயர் பெயராக வாசித்திருப்பார். அந்தத் தோட்டங்களில் எத்தனையோ இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. நம் அரசுத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்முக்கு ஒரு காலத்தில் ரேடியோ 6 என்று பெயர். அன்றைய ஒலிபரப்பை நம்மைப் போன்ற ரசிகர்கள் பதிந்து வைத்ததுதான் வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. அதனால் அந்த நாற்பதில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றுக்கு இது சகஜம். அதை அப்படியே மெஷினில் போட்டால், நாடா உரசிப் போகும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் தாவும். அவற்றைத் தனிப் பையில் கட்டி வையுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். பிறகு யாராவது தவறி ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்றும் வித்தையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாடா ஓடும் இடத்தில், நடுவே, செம்புத் தகட்டில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கும். உடனே கேசட் போச்சு என்று நினைக்காதீர்கள். திருகாணி போட்ட வேறு கேசட்டைத் திறந்து, உங்கள் சுருளை அதற்குள் மாற்றி வைக்கலாம். அதற்காகவே கடைக் கேசட்டில் ஐந்தாறை மிச்சம் வையுங்கள்.

மெஷின் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கணினியில் செருகும் மலிவு பிளேயர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகம் சீராக இல்லாமல் குரல் நெளியும். உறவினர் வீட்டில் பழைய கேசட் டெக் தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்தான் போயிருக்கும். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் மின்னணு உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே விசாரிக்கலாம். போடுவதற்கு முன் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

இனி தம்பியின் வேலை. டெக்கிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான். வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும். நாற்பதும் 90 நிமிடக் கேசட்டாக இருந்தாலும் மொத்தம் 36 ஜிபிதான், 64 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் என்று ஓட்டினால் எண்பது நாளில் முடியும். சும்மா ஓட விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து எது எங்கே, எந்த வருடம் பதிந்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். முதலில், தம்பி குழந்தையாக இருந்தபோது பதிந்த கேசட் ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள். அவர் மழலை எங்காவது குறுக்கே வந்துவிட்டால், அப்புறம் குப்பை என்ற பேச்சே வராது.

சாமான் ஏற்றும் அன்று அந்த நாற்பதும் லாரியில் போக வேண்டாம். கோலாலம்பூர் வரை 350 கிலோமீட்டர் வெயில், நாடா தாங்காது. காரில் குளிர்காற்று வரும் இடமாகப் பார்த்து, உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தாப்பாவில் சாப்பிட இறங்கினால், பையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.