லியோனில் ஐந்து தட்டு விருந்து: தொட்டுக்கொள்ள வைன்

திருமங்கலத்திலிருந்து பிரான்ஸின் லியோனுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, மேலதிகாரி டின்னருக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து தட்டு வருமாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைனாம். தலை சுற்றாதா? மாட்டுக்கறி வந்தால் என்ன செய்ய?"

தம்பி, தைரியமாகப் போங்கள். நம்ம ஊர்ப் பழக்கத்தில் முதலில் சரக்கு, காரமாக ஒரு சைடு டிஷ், கடைசியில்தான் சாப்பாடு. இங்கே சாப்பாடுதான் முதல். வைன் அதற்குத் தொட்டுக்கொள்ள. ஒரு வாய் சாப்பிட்டு, விழுங்கி, அதன்பின் ஒரு மிடறு. வெண்ணெயும் கிரீமும் நாக்கில் படியும்; வைனின் புளிப்பு அதை வழித்தெடுக்கும். கறிக்குழம்புக்குப் பிறகு ரசம் செய்கிற அதே வேலைதான். காரம் மட்டும் ஆகாது. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும், சிவப்பு வைன் கசக்கும். அதனால் சில்லி சாஸ் கேட்காதீர்கள்.

அளவைக் கணக்குப் போடுங்கள். ஒரு கிளாஸுக்குச் சுமார் 10 சென்டிலிட்டர் என்றால் ஐந்து கிளாஸில் அரை லிட்டர், அதாவது 75 சென்டிலிட்டர் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு. பசியோடு போய் முதல் கிளாஸை மடமடவென்று இறக்குவதுதான் பலரும் செய்கிற தப்பு. சாயங்காலம் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வைனுக்குச் சமமாகத் தண்ணீரும் குடியுங்கள். கிளாஸில் மிச்சம் வைத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.

லியோனுக்கு வடக்கே பொழொலே, தெற்கே ரோன் பள்ளத்தாக்கு. வைன் பெரும்பாலும் இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பக்கத்து பர்கண்டியிலிருந்தும் வரும். கெனெல் என்று ஒன்று வரலாம், ஆற்று மீனை மசித்து, மாவும் முட்டையும் சேர்த்து வேகவைத்த உருண்டை. அதற்கு ஷார்டொனே திராட்சையின் வெள்ளை வைன். கோழிக்கு பொழொலே சிவப்பு. கமே திராட்சை, கசப்பு குறைவு, லேசாகக் குளிர வைத்துத் தருவார்கள். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு வைனைக் கெடுத்துவிடும். கத்தி, முள்கரண்டி எல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்; சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் சேர்த்து வையுங்கள். தட்டை எடுத்த பிறகுதான் அடுத்தது வரும், மூன்று மணி நேரம்கூட ஆகலாம். ரொட்டியால் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

இனி மாட்டுக்கறி. மேசையில் உட்கார்ந்தபின் சொல்வது தாமதம். முன்பதிவின்போதே மாடும் பன்றியும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள், சமையலறை வேறு தட்டு தயார் செய்யும். 'கோழிக்குள் பன்றித் துண்டு இருக்கிறதா' என்றும் கேளுங்கள். 'லார்டோன்' என்ற சிறு துண்டுகள் சாலட்டிலும் சாஸிலும் ஒளிந்திருக்கும். குடல், வயிறு என்றதும் நம்ம ஊர் ஆட்டுக்குடல் என்று நினைத்துவிட வேண்டாம். 'தப்லியே த சப்பர்' மாட்டு வயிறு. 'அந்துய்யெட்' பன்றி அல்லது கன்றின் குடல்.

இனிப்போடு தெற்கு ரோனின் 'மஸ்கா த போம் த வெனீஸ்' வந்தால் விடாதீர்கள். முகர்ந்து பாருங்கள்: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், அந்த வாசனை உடனே பிடிபடும். இனிப்பாக இருப்பதால் ஏமாந்துவிடக்கூடாது, ஆல்கஹால் 15 சதவீதம். இரண்டு மிடறு போதும்.

சர்வீஸ் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் கட்டாயமில்லை. வண்டி மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, புது லைசென்ஸ்காரர்களுக்கு 0.2. மெட்ரோ பெரும்பாலான நாட்களில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், கடைசி வண்டியின் நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.