ஒரே நாடுதானே, வேலை இருக்கிற ஸ்டேட்டுக்கு ஏன் எல்லாரும் போயிடறதில்ல?

மொழியும் சிறுபான்மையா இருக்கிறதும் இதுல எப்படி குறுக்க வருதுன்னு கேட்டிருக்கீங்க. 2011 சென்சஸ்ல இடம் மாறினவங்க சுமார் 45 கோடி, ஆனா ஸ்டேட் தாண்டினவங்க அதுல எட்டுல ஒரு பங்குதான், மத்ததுல கிட்டத்தட்ட பாதி கல்யாணமாகி வேற ஊருக்குப் போன பொம்பளைங்க கணக்கு.

மொழிய விட எனக்கு பெருசா தெரியறது சலுகை. எஸ்சி எஸ்டி லிஸ்ட் ஸ்டேட் வாரியா இருக்கு, பொழப்புக்கு வேற ஸ்டேட் போனா அங்க ரிசர்வேஷன் கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1990லயே சொல்லிருச்சு (சென்ட்ரல் கவர்மென்ட் வேலை தனி).

மொழி எங்க உதைக்குதுன்னா, இங்க காரைக்குடில ஒரு ஹோட்டலுக்குள்ள எட்டிப் பாருங்க, கிச்சன்ல பாத்திரம் கழுவுறது, மாவு பிசையறது எல்லாம் ஒடிசா, பீகார் பசங்க, ஒருத்தன் வந்து மச்சான, சித்தப்பா மகன இழுத்துக்கிட்டான், உள்ள அவங்க பேச்சுதான், ஆனா ஆர்டர் எடுக்க, கல்லால உக்கார உள்ளூர் ஆள்தான், சம்பளமும் அதுக்கேத்த மாதிரி. பிள்ளைகுட்டியோட வந்தா ஸ்கூல்ல 2006 சட்டப்படி தமிழ் கட்டாயம், தனியா வர்றவங்களுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

நம்ம செட்டியாருங்க பர்மாவுக்கு கொண்டுவிக்க (வட்டிக்கு விட்டு தொழில் பண்ண) போனதும் இதே கதைதான். 1937 வரைக்கும் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ளதானே இருந்துச்சு! ஆச்சி (செட்டியார் பொண்டாட்டி) ஊர்ல வீட்டோட, செட்டியார் அங்க கிட்டங்கில (தங்கி தொழில் பண்ற இடம்), கணக்கு தமிழ்ல. என்ன, அவங்க கையில முதல் இருந்துச்சு.