பரிசு வாங்கினீர்கள் சரி, பில் எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பெயர்ச் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு பரிசு மாற்றிக்கொள்வது. ஆபீசிலும் ஹாஸ்டலிலும் கிறிஸ்மா-கிறிஸ்சைல்டு என்று விளையாடியது இப்போது வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது, கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளிலும் நடக்கிறது, நல்லதுதான். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். ஒருவர் மூன்று பக்கத்துக்கு மெனு எழுதியிருந்தார், அதைப் பசியோடு படித்துவிட்டு நீக்கிவிட்டேன்.

கே: பன்னிரண்டு பேர் கூடுகிறோம். 500 ரூபாய் வரம்பு என்று சொல்லியும் போன வருடம் ஒருத்தி 1,500 ரூபாய்க்குக் கைப்பை கொண்டுவந்தாள், இன்னொருவர் நகைக்கடைக் காலண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலண்டர் கிடைத்தவர் இன்னும் அவரோடு பேசுவதில்லை. இந்த முறை எப்படி நடத்தலாம் அக்கா? (குன்னூர்)

ப: மேல் வரம்பு மட்டும் சொன்னால் காலண்டர்தான் வரும். கீழ் வரம்பும் சொல்லுங்கள்: 400-க்குக் குறையக் கூடாது, 500-ஐத் தாண்டக் கூடாது. அடுத்தது, நான் டிசம்பர்தோறும் சொல்வது, யாரும் காதில் வாங்குவதில்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் பரிசின் பில்லை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே பரிசின் எண்ணை மட்டும் எழுதி, விருந்து வைக்கிற உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். விலை யாருக்கும் தெரியப்போவதில்லை. பொருள் ஓடவில்லை, அளவு சேரவில்லை என்றால் கிடைத்தவர் உங்களிடம் வந்து கவரை வாங்கிக்கொள்வார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆகவே பரிசு கிடைத்தவரும் கடையில் போய்க் கேட்கலாம், ஆனால் பில் இல்லாமல் போய் நின்றால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வாங்கியவர் பிரித்துப் பார்ப்பதில்லை, கிடைத்தவர் கூச்சத்தில் வாய் திறப்பதில்லை. மட்டமான சரக்கைப் பரிசுத்தாளில் சுற்றி விற்கிற கடைகளுக்கு இந்த இரண்டும் நன்றாகத் தெரியும். இன்னொன்று, இப்போதைய பில்கள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகிற தாள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அதனால் போட்டோவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கவர்கள் போகி வரை உங்கள் அலமாரியில் இருக்கட்டும், அன்றைக்கு நெருப்பில் போடலாம்.

கே: வருகிறவர்களில் இருவர் முட்டை சாப்பிடாதவர்கள். வீட்டில் கேக் செய்து விற்கும் ஒருவரிடம் பிளம் கேக் சொன்னேன். முட்டை உண்டா என்றால் "கொஞ்சமாத்தான் போடுவேன்" என்கிறார். (கேத்தி)

ப: கொஞ்சம் போட்டாலும் அது முட்டை கேக். அவரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) எண் இருக்கிறதா என்று கேளுங்கள், 14 இலக்கம் இருக்கும், வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு வேண்டும். எண் இல்லை, முட்டைக்கும் நேர்பதில் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கே: 1,800 ரூபாய்க்கு ஒரு பரிசுக் கூடை வாங்கி விளையாட்டில் முதல் பரிசாக வைத்தேன். வென்ற தோழி மறுநாள் போன் செய்து, ஜாம் பாட்டிலில் தேதி முடிந்துபோயிருக்கிறது என்கிறாள். அவமானமாக இருக்கிறது. கடையில் "நாங்கள் அடுக்கித்தான் கொடுப்போம், உள்ளே இருப்பதற்குக் கம்பெனிதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். (வெலிங்டன்)

ப: அவமானம் கடைக்காரருக்கு. உங்களுக்கு எதற்கு?

இந்தப் பரிசுக் கூடை வியாபாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், இருந்தாலும் பேசுகிறேன். கூடையின் முக்கால் ஆழத்துக்கு அறுத்த காகிதம். அதற்கு மேல் 50 கிராம் டீ, 100 கிராம் சாக்லேட், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஜாம், ஒரு மெழுகுவத்தி, ரெண்டு பிஸ்கட். எல்லாவற்றையும் கண்ணாடித்தாளால் இழுத்துக் கட்டி, எம்ஆர்பியும் தேதியும் இருக்கிற பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும்படி வைத்து, மேலே ஒரு ரிப்பன். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் "ரிப்பன் கலைஞ்சிடும் மேடம்". உங்கள் கூடையில் இருந்ததாக எழுதியிருக்கும் பொருள்களின் எம்ஆர்பியை நானே கூட்டிப் பார்த்தேன், 740 ரூபாய் வருகிறது. மூங்கில் கூடைக்கு 200 என்று தாராளமாகவே வைத்தாலும் மீதி 860 ரூபாய் ரிப்பனுக்கும் காகிதத்துக்குமா?

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இந்தக் கூடையையும் விட்டுவைக்கவில்லை. வெவ்வேறு பொருள்களைச் சேர்த்துக் கட்டி ஒரே விலைக்கு விற்றாலும் உள்ளே என்னென்ன, எவ்வளவு, யார் கட்டியது, எந்த மாதம், அதிகபட்ச விலை என்ன என்பதெல்லாம் வெளியே தெரிய வேண்டும். எத்தனை கடையில் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள்? நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. தேதி முடிந்த உணவை விற்றதற்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி தனி. அடுக்கிக் கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லை என்பது சுத்தப் பொய், காலாவதியான பிறகு விற்ற வியாபாரிதான் அதற்கு முதல் ஆள். ஜாமைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், பாட்டில், மூடி, தேதி தெரிகிற போட்டோ, பில், இவ்வளவும் வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அந்தப் புகார் எண்ணோடு கடைக்குப் போங்கள், பேச்சு மாறும்.

கோயம்புத்தூரில் நானும் இப்படி ஒரு கூடை வாங்கி சம்பந்தி வீட்டுக்குத் தீபாவளிக்கு அனுப்பியிருக்கிறேன். முந்திரிப் பொட்டலத்தில் வண்டு. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த வருடம் வேறொரு பேச்சில் சூடு ஏறியபோதுதான் "வண்டு வச்ச முந்திரி கொடுத்தவங்கதானே" என்று வெளியே வந்தது. அதனால் சொல்கிறேன், கூடை வேண்டுமென்றால் காலிக் கூடையை மார்க்கெட்டில் வாங்குங்கள், பொருள்களைத் தனித்தனியாகத் தேதி பார்த்து வாங்கி நீங்களே அடுக்குங்கள். காகிதத்துக்குப் பதில் நாலு ஆரஞ்சைப் போட்டாலும் சாப்பிடவாவது உதவும்.

கே: ஊட்டியில் "ஹோம்மேட் சாக்லேட்" ஒரு கடையில் கிலோ 400, அடுத்த கடையில் 1,200. இரண்டும் பழுப்பாகத்தான் இருக்கிறது. எதை வாங்குவது? (கோவையிலிருந்து வருகிறவர்)

ப: கொக்கோ வெண்ணெய் உள்ளது சாக்லேட். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டது காம்பவுண்டு. 400 ரூபாய்க் கட்டி பெரும்பாலும் இரண்டாவது வகைதான், பாளமாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றியது. அதை வாங்கக் கூடாது என்பதில்லை, குழந்தைகள் கூட்டமாக வருகிற விருந்துக்கு அதுவே போதும், ஆனால் தெரிந்து வாங்குங்கள். பெட்டியில் உள்ள சேர்மானப் பட்டியலில் தாவரக் கொழுப்பு முன்னால் நின்றால் விஷயம் முடிந்தது. பட்டியலே இல்லாமல் உதிரியாக விற்றால் ஒரு துண்டை நாக்கில் வையுங்கள், கொக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே கரையும், மற்றது மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். எடை போடும்போது அட்டைப்பெட்டியையும் சேர்த்துத் தட்டில் வைத்தால் எடுக்கச் சொல்லுங்கள், நிகர எடைக்குத்தான் காசு. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுக் கொழுப்பு மேலே வந்திருக்கும்.

கே: நண்பர்கள் எல்லோரிடமும் 300 வீதம் வசூலித்து, பெயர் பொறித்த மக்குகள் 12-க்கு இன்ஸ்டாகிராம் கடை ஒன்றுக்கு 3,600 ரூபாய் அனுப்பினேன். இரண்டு நாள் முன்பு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கையிலிருந்து போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். (கூடலூர்)

ப: தம்பி, இதைப் படித்த உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்கப் பிடி கிடைக்கும். இரண்டு நாள் ஆகிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம், இப்போது சொன்னாலும் பதிவாகும். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய மெசேஜ்கள், அந்தப் பக்கத்தின் பெயர், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஏமாற்றுகிறவர்கள் பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டு அடுத்த ஆளைத் தேடப் போய்விடுவார்கள். நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தவறு செய்தது அந்தக் கடை. நீங்கள் நாலு பேருக்காக ஓடி வேலை செய்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் நண்பர்கள் கொஞ்சமாவது நல்லவர்களாக இருந்தால் 3,600-ஐப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

கே: அதே மாதிரி ஒரு இன்ஸ்டா கடையில் முகவரி, போன் எண் எதுவும் இல்லை, விமர்சனப் பகுதியையும் மூடி வைத்திருக்கிறார்கள். ஆனால் விலை பாதிதான். வாங்கலாமா? (ஊட்டி)

ப: மேலே இருக்கிற கடிதத்தைப் படியுங்கள்.

கே: தோழிக்குப் பரிசளிக்க 450 ரூபாய்க்கு "தோடர் சால்வை" வாங்கினேன். கொடுத்த பிறகு இது மெஷின் வேலை என்கிறாள். எப்படித் தெரிந்துகொள்வது? (கோத்தகிரி)

ப: கோத்தகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பு, கருப்பு நூலால் கையால் போடுகிற பூவேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முழுச் சால்வைக்கு வாரக் கணக்கில் உட்கார வேண்டும், 450 ரூபாய் அந்தக் கூலிக்கே காணாது. சால்வையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மெல்லிய ஒரே நிற நூல் ஓடினாலோ தாள் ஒட்டியிருந்தாலோ மெஷின், நூலே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அச்சு. பட்ஜெட் 500 என்றால் உண்மையான கைவேலையில் சின்னதாக ஒரு புத்தகக் குறியோ பர்ஸோ கிடைக்குமா என்று தோடர் கூட்டுறவு, சுயஉதவிக் குழு விற்பனையிடங்களில் பாருங்கள். போலிச் சால்வையை மலிவென்று வாங்க வாங்க அந்தப் பெண்களின் கூலிதான் குறைகிறது, இதில் எனக்குக் கோபம் உண்டு.

கே: வருகிறவர்களுக்கு நினைவுப் பரிசாகத் தைலம் சின்ன பாட்டில்கள் கொடுக்க ஆசை. சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. (மஞ்சூர்)

ப: வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலகிரித் தைலம் ஆவியாகிப் போகும், சமையல் எண்ணெயோ வேறு கனமான எண்ணெயோ கலந்திருந்தால் கறை தங்கும். நான் சாலையோரத்தில் வாங்கிய பாட்டில் ஒன்று, தாளில் பஜ்ஜி வைத்த மாதிரிக் கறை போட்டது. டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதனால் உற்பத்தியாளர் பெயரும் உரிம எண்ணும் உள்ள பாட்டிலாக வாங்குங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தைலமே வேண்டாம், கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரை போகும்.

கே: டிசம்பர் குளிருக்கு ஹாலில் பார்பிக்யூ கரி அடுப்பு வைக்கலாமா, 900 ரூபாய் ஹீட்டர் வாங்கலாமா? ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடிவிடுவோம். (அரவங்காடு)

ப: கரி அடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மலைக்குச் சுற்றுலா வந்து அறையில் கரி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி குளிர்காலத்தில் வருவதுதான். ஹீட்டர் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும், மணிக்கு 2 யூனிட். சின்ன 6 ஆம்பியர் பிளக்கிலோ, சீரியல் லைட் மாட்டியிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் வயர் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட் இல்லையா, எல்லோரையும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கே: மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கப், தட்டு மொத்தமாக மலிவு. காரில் போட்டுக்கொண்டு வந்துவிடவா? (குன்னூர்)

ப: வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் சேர்ந்தது, நம் நீலகிரி மாவட்டத்தில் சோதனையும் கெடுபிடியும் அதிகம். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். கழுவுகிற வேலையைக் காலண்டர் கொண்டுவருகிறவருக்குக் கொடுக்கலாம்.

கே: பரிசு மாற்றத்தில் எனக்கு எலெக்ட்ரிக் கெட்டில் வந்தது. ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. தோழி பில்லைத் தேடிக் கொடுத்தாள், அதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது. அவ்வளவுதானா? (லவ்டேல்)

ப: இல்லை. பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பில்லில் காலவரம்பு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரி, தேதி பதிவாக வேண்டும். அசையவில்லை என்றால் 1915. அப்புறமும் அசையாவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஒரு கெட்டிலுக்கு இவ்வளவா என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள்.

கே: போன வருடம் கிடைத்த பரிசைப் பிரிக்கவே இல்லை. இந்த வருடம் அதையே கொடுத்துவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

ப: கொடுக்கலாம். காலாவதித் தேதி பாருங்கள், உங்கள் பெயர் எழுதிய சீட்டைப் பிய்த்துவிடுங்கள், அதே பன்னிரண்டு பேர் வருகிற வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.